நுண்ணுயிர்க் கூட்டங்களின் பற்று வரவு

சாண எரிவாயுக் கலம் வைத்திருக்கும் அங்கத்தினர் நம்மிடையே பலர் உளர். பசுஞ்சாணத்தை ஏறத்தாழ அதே அளவு நீரில் கரைத்து ஒரு வாயிலில் ஊற்றுகின்றனர். சில வாரங்களில் மறு வாயிலில் எருக் குழம்பு வெளிவருகிறது. மேலே அடுப்பெரிக்க வாயு சேர்கிறது. ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடையில், அந்த இருண்ட குழிக்குள், இவ்வேலையைச் செய்தவர் யார் என்று கேட்டால், கிருமிகள் என்று ஒரு சொல்லில் விடை கூறி நிறுத்திக்கொள்கிறோம். நெசவாளர் பக்கத்திலும் இத்தகைய குழி ஒன்று முன்னாளில் இருந்தது. அவுரி நீலத் தொட்டியில் சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுப் புளிக்க வைத்தனர். நீரில் கரையாத நீலத்தைக் கரையும் பொருளாக்கி நூலில் ஏறச் செய்ததும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் தொழிலே.

இவ்விரு இடங்களிலும் வேலை செய்வது ஒரே இனமன்று. சாணக் குழியில் ஓரினம் நாரை உடைக்கிறது. வேறோரினம் அவ்வுடைசலை அமிலமாக்குகிறது. மற்றோரினம் அவ்வமிலத்திலிருந்து ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் பிரித்து விடுகிறது. கடைசியில் நிற்பது மீதேன் என்னும் எரிவாயுவை உண்டாக்குகிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. இத்தகைய கூட்டத்தில் எந்த இனம் எதை எவ்வளவு வாங்குகிறது, எதை எவ்வளவு கொடுக்கிறது என்பதைக் கணிப்பொறியில் கணக்கிட்டறியும் முறை ஒன்று சென்ற கால் நூற்றாண்டில் வளர்ந்து வந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்கெழுதத் தெரிந்தவர்களுக்கு இது அயலான விஷயமன்று. அடிப்படையில் இது பேரேடு எழுதும் வேலைதான்.

இதனை இப்போது எழுத ஒரு காரணமும் உண்டு. நுண்ணுயிர்க் கலவை என்ற பெயரில் புட்டிகளிலும் பொட்டலங்களிலும் பலவகைச் சரக்குகள் பயிரிடுவோரைத் தேடி வருகின்றன. எருவை விரைவில் மக்கச் செய்யும், மண்ணுக்கு உரமேற்றும், கழிவு நீரைத் தெளிவிக்கும் என்று விற்போர் கூறுகின்றனர். கணிப்பொறியால் வகுத்த கலவை என்னும் விளம்பரமும் அவற்றோடு சேர்ந்துவந்தால் வியப்பதற்கில்லை. சங்கத்தின் பணத்தை எடுத்து அவற்றை வாங்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியது நிர்வாகக் குழு. அந்தக் கணிப்பொறி உண்மையில் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாது என்று அங்கத்தினர் அறிந்திருப்பது அவசியம்.

ஒருவர் என்று எண்ணிய இருவர்

கணக்கின் பக்கம் செல்லுமுன், கிருமிக் கூட்டத்தை அறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு வரலாற்றைக் கூறுகிறேன். சாராயத்தை உண்டு மீதேனை வெளியிடும் ஒரு நுண்ணுயிரை அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வந்தனர். அதற்கு மெதனோபாசில்லஸ் ஒமெலியான்ஸ்கி என்று பெயரும் வைத்தனர். கால் நூற்றாண்டுக்கு மேலாக அது ஓருயிர் என்றே பாடநூல்கள் கூறின. 1967-இல் மார்வின் பிரையன்ட், உல்ஃப் முதலிய அமெரிக்க அறிஞர்கள் அது ஓருயிரன்று, பிரித்தறிய இயலாவண்ணம் ஒன்றாய் வாழ்ந்துவந்த இரண்டு உயிர்கள் என்று நிறுவினர்.

முதலாவது உயிர் சாராயத்தை உண்டு அசெட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் வெளிவிடுகிறது. இரண்டாவதற்குச் சாராயத்தைத் தொடவே இயலாது. அது ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் உண்டு மீதேனை வெளிவிடுகிறது. இதில் நுட்பம் யாதெனில், முதலாவது உயிர் வெளிவிடும் ஹைட்ரஜன் அதனைச் சுற்றித் தேங்கிவிட்டால், அதன் தொழிலே நின்றுபோகும். தேங்கிய நிலையில் சாராயத்தை உடைப்பதால் அதற்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல் ஒன்றுமில்லை, செலவே மிஞ்சும். அருகிலிருப்பது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் வாரிக்கொண்டு செல்வதனாலேயே முதலாவதற்குப் பிழைப்பு நடக்கிறது. வாங்குபவன் இன்றேல் விற்பவனுக்கு உற்பத்தியே இல்லை என்னும் நிலை இது. இருவரையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்த வரை, ஹைட்ரஜன் என்னும் இனம் கணக்கில் தெரியவே இல்லை. உள்ளேயே வரவாகி உள்ளேயே செலவாகிவிட்டது. தனித்தனிப் பக்கம் திறந்த பிறகே அது கண்ணுக்குப் புலப்பட்டது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்

கணிப்பொறி முறையில் செய்வதும் பக்கம் திறப்பதே. ஓர் உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் உள்ளன. ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கிறது. இம்மாற்றங்களின் தொகுதியையே வளர்சிதை மாற்றம் என்பர். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நொதி நடத்துகிறது. அந்நொதியைச் செய்யும் விதி உயிரின் மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. ஆகையால் ஓர் உயிரின் மரபணுக்கள் அனைத்தையும் படித்துவிட்டால், அது எந்தெந்த மாற்றங்களைச் செய்ய வல்லது என்று பட்டியலிடலாம். சுதந்திரமாய் வாழும் உயிரொன்றின் மரபணுத் தொகுதி முழுதும் முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1995-இல். அது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே என்னும் பாக்டீரியா. நான்கே ஆண்டுகளில், 1999-இல், ஜெரமி எட்வர்ட்ஸ், பெர்னார்டு பால்சன் என்னும் இருவர் அதே பாக்டீரியாவுக்கு முழுப் பேரேட்டை எழுதி வெளியிட்டனர். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவுக்கு 2017-இல் வெளிவந்த பேரேட்டில் 1,515 மரபணுக்களும், 2,719 மாற்றங்களும், 1,192 பொருள்களும் பதிவாகியுள்ளன.

பேரேட்டின் விதி எளியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். அப்பொருளை உண்டாக்கும் மாற்றங்கள் வரவு. அதனைச் செலவிடும் மாற்றங்கள் பற்று. நிதானமாக வளர்ந்துகொண்டிருக்கும் உயிரில் எப்பொருளும் குவிவதுமில்லை, தீர்ந்துபோவதுமில்லை என்று கொள்கின்றனர். அதாவது வரவும் பற்றும் ஒவ்வொரு பக்கத்திலும் சரியாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் உணவும் வெளியே செல்லும் கழிவும் மட்டுமே இருப்பை மாற்றக்கூடியவை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மோரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலத்தின் 100 மூலக்கூறுகளை முதலாமவனுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் 100 மூலக்கூறு நீரையும் எடுத்துக்கொண்டு, 100 அசெட்டிக் அமிலமும், 100 கரியமில வாயுவும், 200 ஹைட்ரஜனும் தருகிறான். இரண்டாமவன் 4 ஹைட்ரஜனுக்கு 1 கரியமில வாயு வீதம் சேர்த்து 1 மீதேனும் 2 நீரும் செய்பவன். ஆகவே 200 ஹைட்ரஜனைத் தீர்க்க 50 கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, 50 மீதேனும் 100 நீரும் தருகிறான். முடிவில் ஹைட்ரஜன் பக்கம் நேராகிவிட்டது. முதலாமவன் கடன் வாங்கிய நீரை இரண்டாமவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். வெளியே வந்தவை 100 அசெட்டிக் அமிலம், 50 கரியமில வாயு, 50 மீதேன். கரி அணுக்களை எண்ணிப் பாருங்கள்: உள்ளே சென்றது 300, வெளியே வந்தது 200 உடன் 50, 50, ஆக 300. ஓரணுவும் தவறவில்லை. உண்மையில் இவ்விரண்டும் உணவில் ஒரு பகுதியைத் தம் உடலைப் பெருக்கிக்கொள்ளவும் செலவிடும். அதற்கும் ஒரு பக்கம் உண்டு. இத்தகைய கணக்கையே கணிப்பொறி ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குப் போடுகிறது.

சரியாக நிற்கும் கணக்குகள் பல

வரவும் பற்றும் நேரானால் மட்டும் விடை கிடைத்துவிடாது. நேராகும் வழிகள் எண்ணிறந்தவை. ஒரு நெசவாளர் சங்கத்தில் 100 கட்டு நூலும் 240 தறி நாட்களும் உள்ளன என்று கொள்வோம். ஒரு தொகுதி சேலைக்கு 1 கட்டு நூலும் 4 தறி நாளும் செல்லும். லாபம் 400 ரூபாய். ஒரு தொகுதி வேட்டிக்கு 1 கட்டு நூலும் 2 தறி நாளும். லாபம் 250 ரூபாய். சேலையே நெய்தால் 60 தொகுதியில் தறி நாட்கள் தீர்ந்துவிடும். லாபம் 24,000 ரூபாய், நூல் 40 கட்டு மீதம். வேட்டியே நெய்தால் லாபம் 25,000 ரூபாய், தறி நாள் 40 மீதம். சேலை 20 தொகுதியும் வேட்டி 80 தொகுதியும் நெய்தால் நூலும் தீரும், தறியும் தீரும், லாபம் 28,000 ரூபாய். மூன்றும் கணக்கில் சரியானவையே. லாபம் கூட வேண்டும் என்ற நோக்கத்தைச் சொன்ன பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

இவ்வாறு வரம்புகளுக்குள் உச்ச லாபத்தையோ குறைந்த செலவையோ காணும் முறையை 1947-இல் அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்சிக் வகுத்தார். ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்துகள் அனைத்தையும் குறைந்த செலவில் தரும் உணவுப் பட்டியல் யாது என்னும் கணக்கில், 77 உணவுப் பண்டங்களையும் 9 சத்துகளையும் வைத்து, அதனை முதலில் சோதித்தனர். கையால் சுழற்றும் கணக்குப் பொறிகளுடன் 9 எழுத்தர்கள் அமர்ந்து, 120 ஆள் நாட்கள் உழைத்து அதற்கு விடை கண்டனர். இன்று 2,719 மாற்றங்களுள்ள பேரேட்டுக்கு மேசைக் கணிப்பொறி நொடிப் பொழுதில் விடை தருகிறது.

தனியொரு கிருமிக்கு நோக்கம் எது? இயன்ற அளவு விரைவாகப் பெருகுவதே என்று கொள்கின்றனர். இது மனம்போன போக்கில் கொண்ட ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிளிசரின் என்னும் உணவில் ஈ. கோலை பேரேடு காட்டிய உச்சத்தை எட்டாமல் மந்தமாகவே வளர்ந்தது. அதே உணவில் 40 நாட்கள், சுமார் 700 தலைமுறைகள், தொடர்ந்து வளர்த்தபோது கணிப்பொறி முன்னரே சொல்லியிருந்த வேகத்தை அது எட்டிவிட்டது. 2002-இல் வெளியான இம்முடிவு இம்முறைக்குப் பெரும் மதிப்பைத் தந்தது.

கூட்டத்தின் நோக்கம் யாருடையது?

கூட்டத்துக்கு முதன்முதலாக இத்தகைய பேரேடு எழுதப்பட்டது 2007-இல். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்கெய் ஸ்டோலியார், டேவிட் ஸ்டால் முதலியோர் அதனைச் செய்தனர். மேலே நாம் போட்ட லாக்டிக் அமிலக் கணக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இரு உயிர்களுடையதே. டெசல்ஃபோவிப்ரியோ வல்காரிஸ் என்பது முதலாமவன். மெதனோகாக்கஸ் மாரிபாலுடிஸ் என்பது இரண்டாமவன். சல்ஃபேட் உப்பு கிடைக்கும் இடத்தில் முதலாமவன் தனித்தே வாழ வல்லவன். அது இல்லாத இடத்தில் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். இருவர் பேரேட்டையும் இணைத்துக் கணக்கிட்டு, பின்னர் ஆய்வுக்கூடத்தில் இருவரையும் சேர்த்து வளர்த்து ஒப்பிட்டனர். எந்தப் பொருள் எவ்வளவு கைமாறும் என்பதும், இருவரின் எண்ணிக்கை எந்த விகிதத்தில் நிற்கும் என்பதும் கணக்கோடு நன்கு ஒத்தன. இருவருக்குமிடையே ஹைட்ரஜன் அன்றி ஃபார்மிக் அமிலத்தின் உப்பும் கைமாறக்கூடும் என்ற கருத்து இருந்தது. அதனை நீக்கிவிட்டாலும் கூட்டு நடக்கும், ஹைட்ரஜனை நீக்கினால் நடவாது என்று பேரேடும் சோதனையும் காட்டின.

இருவர் கூட்டில் நோக்கத்தைப் பற்றிய வழக்குப் பெரிதாக எழவில்லை. ஒருவன் நின்றால் மற்றவனும் நிற்பான். ஆனால் பத்து இனங்கள், நூறு இனங்கள் சேர்ந்த கூட்டத்தில் எதை உச்சமாக்குவது? கூட்டம் முழுவதும் ஒரே பெரிய உயிர் என்று கொண்டு மொத்த வளர்ச்சியை உச்சமாக்கு என்று ஆணையிட்டால், கணிப்பொறி அப்படியே செய்யும். ஓரினத்தின் உணவு முழுவதையும் பிடுங்கி வேறோரினத்துக்குக் கொடுத்தால் மொத்தம் சிறிது கூடும் என்று கண்டால், அது தயங்காது. ஓரினம் தான் சிறிதும் வளராமல் பிறருக்காக விலையுயர்ந்த சத்தைச் செய்துகொண்டே இருக்கும் என்றும் விடை தரும். கணக்குச் சரி, உலகில் நடவாது. கிருமிகளுக்குத் துணைவிதி கிடையாது. அவை மகாசபை கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதுமில்லை. பிறருக்குக் கொடுப்பதால் தனக்கு நஷ்டம் என்றால், கொடாத வகை ஒன்று பிறந்து, அதுவே பெருகிவிடும். இம்முறையைப் பற்றி நான் படித்தவற்றுள் என் கவனத்தை மிகுதியாகக் கவர்ந்தது இந்த இடமே.

இதற்குப் பரிகாரமாகச் சில வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. 2012-இல் அலி சோமோரோடி, காஸ்டஸ் மரனாஸ் என்போர் இரண்டு அடுக்கு முறையைக் கொண்டுவந்தனர். கீழடுக்கில் ஒவ்வோரினமும் தன் வளர்ச்சியையே பார்த்துக்கொள்ளும். மேலடுக்கில் கூட்டத்தின் மொத்தம் பார்க்கப்படும். இரண்டும் பொருந்தும் விடை தேடப்படும். 2020-இல் டீனர், கிப்பன்ஸ், ரெசெண்டிஸ்-அன்டோனியோ என்போர் மனிதக் குடலிலுள்ள கூட்டத்துக்கு வேறொரு வழியைக் கண்டனர். மொத்த வளர்ச்சியின் உச்சத்தில் ஒரு பகுதியைக் கைவிட்டு, எஞ்சியதை இனங்களிடையே கூடியவரை பரவலாகப் பங்கிடுவது அவ்வழி. உச்சத்தையே வற்புறுத்தியபோது பல இனங்கள் வளராமல் நின்றன. சற்று விட்டுக்கொடுத்தபோதுதான், மக்களின் மலத்திலிருந்து அளந்தறிந்த பெருக்க வேகங்களோடு கணக்கு ஒத்துவந்தது.

2017-இல் வெளிவந்த மற்றொரு முறை, நிலைத்து நிற்கும் கூட்டத்தில் எல்லா இனங்களும் ஒரே வேகத்தில் வளர வேண்டும் என்பதைக் கணக்கின் விதியாகவே வைத்தது. சாணக் குழி வைத்திருப்போர் இதனை உடனே புரிந்துகொள்வர். நாள்தோறும் ஊற்றும் கரைசல் அதே அளவு குழம்பை வெளியே தள்ளுகிறது. வெளியேறும் வேகத்துக்கு ஈடாகப் பெருகாத இனம் குழம்போடு குழம்பாக அடித்துச் செல்லப்படும். மீதேன் செய்யும் இனங்கள் மெதுவாகப் பெருகுபவை. அமிலம் செய்யும் இனங்கள் விரைவாகப் பெருகுபவை. அளவுக்கு மீறி ஊற்றினால் அமிலம் செய்வோர் பெருகுவர், அதனைத் தீர்ப்போர் பின்தங்குவர், ஹைட்ரஜன் தேங்கும், தேங்கியதும் சிலவகை அமிலங்களை உடைப்பவரும் தொழிலை நிறுத்துவர், குழி புளித்து வாயு குறையும். அடுப்பில் சுடர் தளரும்போது இன்னும் ஒரு கூடைச் சாணத்தைச் சேர்த்து ஊற்றுவது பலருக்கு வழக்கம். நோய் இதுவாக இருப்பின் அது நோயை வளர்க்கும். சில நாட்கள் ஊற்றாமல் நிறுத்துவதே தக்கது.

அனாமத்தில் நிற்கும் பதிவுகள்

இனி இப்பேரேடுகளின் குறைகளைச் சொல்ல வேண்டும். மரபணுத் தொகுதியைப் படித்தாலும் அதில் இன்ன பணிக்கென்று அறியப்படாத மரபணுக்கள் பல எஞ்சுகின்றன. ஆகவே பட்டியலிட்ட மாற்றங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வயலிலும் குடலிலும் நன்றாக வாழும் உயிர் கணிப்பொறியில் வாழ மறுக்கிறது. வழியில் எங்கோ ஒரு படி விடுபட்டிருக்கிறது. அப்போது வேறு உயிர்களில் கண்ட மாற்றம் ஒன்றை, இதிலும் இருக்கும் என்று கருதிச் சேர்த்துக் கணக்கை ஓட்டுகின்றனர். இதற்கு இடைவெளி நிரப்புதல் என்று பெயர்.

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்பவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஐந்தொகை நேராகவில்லை என்று ஒரு தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதி நேராக்குவது போன்றது இது. அனாமத்தில் எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரியும் வரை அதுவே வழி. எவ்வளவு தொகை அனாமத்தில் நிற்கிறது, எவ்வளவு காலமாக நிற்கிறது என்பதையே கேட்க வேண்டும். ஈ. கோலையின் பேரேட்டைப் பல ஆண்டுகள் பலர் சோதனை செய்து திருத்தியுள்ளனர். இன்றோ மரபணுத் தொகுதியைக் கொடுத்தால் கணிப்பொறி தானே பேரேட்டை எழுதித்தரும் முறைகள் வந்துவிட்டன. மனிதக் குடலில் வாழும் 773 வகைப் பாக்டீரியாக்களுக்கு 2017-இலும், 7,302 வகைகளுக்கு 2023-இலும் பேரேடுகள் வெளியாயின. பின்னதன் துணையால், நாம் உட்கொள்ளும் மருந்துகளைக் குடலிலுள்ள கூட்டம் எவ்வாறு மாற்றும் என்று கணிக்க முயல்கின்றனர். இவை வெறும் கணிப்பொறி எழுத்தல்ல. நூல்களில் கண்ட சோதனை முடிவுகளைக் கொண்டு ஆட்கள் பார்த்துத் திருத்தியவை. அவ்வாறு திருத்தப்படாத பேரேடுகளும் புழக்கத்தில் உள்ளன. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

மற்றொரு குறையும் உண்டு. பேரேடு எந்த உணவை வைத்து எழுதப்பட்டதோ அந்த உணவுக்கே அது பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் அளந்து ஊற்றிய கரைசலுக்குப் போட்ட கணக்கு, தொழுவுரமும் வேர்க்கசிவும் கலந்த மண்ணுக்கு அப்படியே ஒத்துவராது. பயிரிடுவோருக்கு நெருங்கிய முயற்சி ஒன்று 2020-இல் வெளியாயிற்று. குதிரைமசாலுக்கு உறவான மெடிக்காகோ என்னும் செடியின் பேரேட்டையும், அதன் வேர் முடிச்சில் தங்கி நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாவின் பேரேட்டையும் இணைத்தனர். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் கிருமிக்குச் செடி எவ்வளவு கூலி கொடுக்கிறது என்பதை அதில் கணக்கிடலாம். இரண்டு உயிர்களுக்கே அது பெரும் உழைப்பு. ஒரு பிடி மண்ணில் உள்ள கூட்டம் முழுமைக்கும் அத்தகைய பேரேடு இன்றில்லை.

எரிவாயுக் கலங்களையும் நகரக் கழிவு நீர் நிலையங்களையும் நடத்துவோர் பெரிதும் கையாள்வது வேறு வகைக் கணக்கு. பன்னாட்டு நீர்ச் சங்கத்தின் சார்பில் 2002-இல் வெளியிடப்பட்ட அந்த முறையில் இனங்களுக்குத் தனிப் பக்கம் கிடையாது. சர்க்கரையை உடைப்போர், அசெட்டிக் அமிலத்தைத் தீர்ப்போர், ஹைட்ரஜனைத் தீர்ப்போர் என்று தொழில்வாரியாக 7 பிரிவுகளே உண்டு. சில்லறை விற்பனையைப் பெயர் பெயராக எழுதாமல் நாள் மொத்தமாக எழுதுவது போன்றது. குழி புளிக்குமா என்றறிய அது போதும். எந்த இனத்தைச் சேர்க்கலாம் என்று கேட்டால் விடை தராது.

கலவைச் சரக்கு வாங்குவோர் அறிய வேண்டிய சோதனை ஒன்றை இறுதியில் வைத்திருக்கிறேன். 2014-இல் வில்லியம் ஹார்கோம், டேனியல் செக்ரே முதலியோர், பேரேட்டோடு இடத்தையும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். மெத்தியோனைன் என்னும் சத்தைச் செய்ய இயலாத ஈ. கோலையையும், அச்சத்தை வெளியே விடுமாறு பழக்கிய சால்மொனெல்லாவையும் சேர்த்தனர். பால் சர்க்கரையை ஈ. கோலை உண்ணும், அது கழிக்கும் அசெட்டிக் அமில உப்பைச் சால்மொனெல்லா உண்ணும். பின்னர் இவ்விரண்டுக்கும் நைட்ரஜன் அளிக்கும் மூன்றாவது இனம் ஒன்றையும் கூட்டினர். தட்டில் இரு கூட்டாளிகளுக்கு நடுவே ஒரு போட்டியாளரை வைத்தால் தொலைவிலிருப்பவர் மெலிவார் என்றே யாரும் நினைப்பர். அவருக்கு நன்மையே விளையும் என்று கணக்கு சொல்லிற்று. சோதனையிலும் அவ்வாறே நடந்தது.

அச்சோதனையின் முக்கிய முடிவு விகிதத்தைப் பற்றியது. இரு இனங்களையும் எந்த விகிதத்தில் கலந்து தொடங்கினாலும், சில நாட்களில் அவை ஒரே விகிதத்தில் வந்து நின்றன. அந்த விகிதத்தைக் கணிப்பொறி முன்னரே சரியாகச் சொல்லியிருந்தது. அதனை நிர்ணயித்தது கொடுத்த உணவும் இனங்களுக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கலும். கலந்தவர் கை அன்று. புட்டியின் மேல் இன்ன இனம் இத்தனை பங்கு என்று அச்சிட்டிருப்பது கலந்த நாளின் கணக்கு. வயலிலோ குழியிலோ ஊற்றிய பிறகு நிற்கப்போவது அவ்விடத்து உணவு விதிக்கும் பங்கு; அங்கே முன்னரே குடியிருக்கும் இனங்கள் இடம் கொடாவிடில் ஒரு பங்கும் நில்லாது. ஆகவே விற்க வருபவரிடம் விகிதத்தைக் கேட்பதை விட, இந்தக் கணக்கு எந்த உணவுக்கு எழுதப்பட்டது, எந்த மாவட்டத்து மண்ணில் ஊற்றி, எத்தனை நாள் கழித்து எண்ணிப் பார்த்தீர்கள், ஊற்றாத பாத்தியில் விளைந்தது எவ்வளவு என்று நிர்வாகக் குழு எழுத்து மூலம் கேட்கலாம். விடை வரும் வரை கொள்முதல் தீர்மானத்தை ஒத்திவைக்கலாம்.